மட்டை சொல்லும் கணக்கு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், ஆரியங்காவு கணவாய் வழியே வரும் மேல்காற்று தென்காசி வட்டாரம் முழுக்க வீசும். அந்த ஈரத்தில் கிரிக்கெட் ஆட, தையல் போட்ட தோல் பந்தை, அதாவது ஸ்டிச் பாலை, இறக்க மனசு வராது. தண்ணீர் குடித்தால் கனத்துப்போகும், இரண்டு நாளில் வீணாகும். டென்னிஸ் பந்துதான் அப்போது கை கொடுக்கும். சொல்லப்போனால், நம் பக்கத்துப் பையன்களில் பலருக்கு ஆண்டு முழுவதுமே அதுதான் பந்து.

அதில் ஒரு நட்டம் இருக்கிறது. டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம் வரை. கனமான பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் மட்டை கைக்குள் திருகும், கைப்பிடி அதிரும், விரல் வலிக்கும். ‘நடுவில் படவில்லை’ என்று கை உடனே சொல்லிவிடும். டென்னிஸ் பந்தோ எடையில் மூன்றில் ஒரு பங்குதான், மெத்தென்றும் இருக்கிறது. ஓரத்தில் பட்டாலும் கைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. காற்றும் சாதகமாக இருந்தால் பந்து எல்லையைத் தாண்டிவிடும். பையன் அதை நல்ல ஷாட் என்றே நம்புவான். டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து இந்திய அணிவரை போன தமிழ்நாட்டுக்காரர்கள் என்றதும் நமக்கு நினைவு வரும் நடராஜன், வருண் சக்கரவர்த்தி இருவருமே பந்துவீச்சாளர்கள். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மட்டை பிடிக்கும் பையனுக்குக் கை வழியே வரவேண்டிய பாடம் வராமல் போவதும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

கை சொல்லாததைச் சொல்லத்தான் மட்டை உணரி இருக்கிறது. கைப்பிடியின் உச்சியில் தொப்பிபோல மாட்டலாம், அல்லது மட்டையின் தோள்பட்டையில் ஸ்டிக்கர்போல ஒட்டலாம். உள்ளே இருப்பவை இரண்டு நுண்கருவிகள். ஒன்று முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய மயிரிழை அளவு சுருள்களில் ஒரு சிறு நிறை தொங்குகிறது. மட்டை வேகம் எடுக்கும்போது அந்த நிறை ஒரு நூலிழை பின்தங்கும், அந்த நகர்வு மின் அளவாக மாறும். மற்றது கைரோ. மட்டை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அது சொல்லும். இரண்டும் உங்கள் சட்டைப்பையில் உள்ள செல்போனிலும் இருப்பவைதான். போனைத் திருப்பினால் படம் திரும்புவது இவற்றால்தான்.

பந்து படுவது கீழே. மேலே உச்சியில் உட்கார்ந்திருக்கும் கருவிக்கு அது எப்படித் தெரியும்? வளையாத ஒரு பொருள் சுழலும்போது அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோண வேகத்தில்தான் சுழலும். ஆகவே உச்சியில் சுழற்சியை அளந்தால் அடியில் உள்ள வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். மட்டையின் நல்ல இடம், அதாவது பட்டதும் ‘டொக்’கென்று பந்து பறக்கும் இடம், உச்சியிலிருந்து சுமார் 70 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1500 டிகிரி சுழற்சி என்றால் அந்த இடத்தின் வேகம் மணிக்கு சுமார் 66 கி.மீ. கைகள் முன்னோக்கி நகரும் வேகம் இதோடு சேரும்.

சிக்கல்களும் உண்டு. கைரோவில் விநாடிக்கு 1 டிகிரி பிழை இருந்தால்கூட ஒரு நிமிடத்தில் 60 டிகிரி தவறிப்போகும். மட்டையாளர் கிரீஸில் நின்று மட்டையை ஊன்றும் அந்த அசையாத கணம்தான் கருவிக்குக் கைகொடுக்கிறது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, அது தன் சாய்வைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் மட்டை ஸ்லிப்பைப் பார்க்கிறதா, விக்கெட் கீப்பரைப் பார்க்கிறதா என்பதைப் புவியீர்ப்பால் சொல்ல முடியாது. ஆடத் தொடங்குமுன் மட்டையைப் பந்துவீச்சாளருக்கு நேராகப் பிடித்து அதற்குத் திசை காட்ட வேண்டியிருக்கும். தோல் பந்து மட்டையைத் தொட்டிருப்பது ஒரு மில்லி விநாடி அளவுதான். விநாடிக்கு 500 முறை அளக்கும் கருவியில்கூட இரண்டு அளவுகளுக்கு நடுவில் பந்து வந்து போய்விடும். அதனால் மோதலைவிட, மோதிய பின் மட்டை எப்படி அதிர்ந்தது, எவ்வளவு திருகியது என்பதிலிருந்துதான் பந்து பட்ட இடத்தைக் கருவி ஊகிக்கிறது.

இந்தத் துறையில் பெங்களூருக்கு நல்ல பங்கு உண்டு. 2017-ல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில், இன்டெல் நிறுவனத்தின் கியூரி சில்லை வைத்து பெங்களூரின் ஸ்பெகுலர் நிறுவனம் செய்த உணரி மட்டைகளில் ஏறியது. பயன்படுத்தவிருந்த இந்திய வீரர்களில் ரோஹித் சர்மா, ரஹானேயுடன் நம் அஸ்வின் பெயரும் இருந்தது. 2018 அக்டோபரில் அனில் கும்ப்ளேயின் ஸ்பெக்டாகாம் நிறுவனம், மைக்ரோசாப்ட்டுடன் சேர்ந்து ‘பவர் பேட்’டை அறிமுகப்படுத்தியது. 5 கிராமுக்கும் குறைவான ஒரு ஸ்டிக்கர்தான் அது. மோதும் வேகம், திருகல், நல்ல இடத்துக்கு எவ்வளவு அருகில் பட்டது என்ற மூன்றையும் அது காட்டும். 2019 உலகக் கோப்பையின்போது டேவிட் வார்னர் வலைப்பயிற்சியில் பெங்களூர் உணரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆடினார்.

உணரி சொல்லும் எண்களில் நான் அதிகம் மதிப்பது வேகத்தை அல்ல, மட்டையைப் பின்னால் தூக்கும் கோணத்தையும் திசையையும். நேராக, விக்கெட் கீப்பரை நோக்கித் தூக்கு என்பதுதான் பயிற்சிப் புத்தகங்களின் பழைய பாடம். பிராட்மேன் அப்படித் தூக்கவில்லை. சிறுவயதில் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியவர் அவர். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. அவர் மட்டை ஸ்லிப் பக்கமாகத்தான் மேலேறும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ஹபீப் நூர்பாய், டிம் நோக்ஸுடன் சேர்ந்து காணொளிகளை ஆராய்ந்தபோது, சிறந்த மட்டையாளர்களில் பெரும்பாலோர் இப்படிப் பக்கவாட்டில் தூக்குபவர்களே என்று கண்டார். பயிற்சியாளர் இல்லாமல் வளர்ந்த தென்காசிப் பையன் ஒருவன் பக்கவாட்டில் தூக்கினால், முதல் நாளே அதை உடைத்து நேராக்காதீர்கள். அதே தூக்கல் ஒவ்வொரு பந்துக்கும் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பந்துக்கு 110 டிகிரி, அடுத்ததற்கு 150 என்று அலைந்தால்தான் திருத்தம் தேவை. கண்ணால் இதைப் பிடிப்பது கடினம், எண்ணால் எளிது.

பந்து எங்கே குத்தியது, கால் முன்னே போனதா, தலை சாய்ந்ததா என்பதெல்லாம் உணரிக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் போனில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். உணரி எட்டாத செலவும் அல்ல. ஒரு குழு முழுவதற்கும் ஓர் உணரி போதும், கழற்றி மாட்டலாம். நாமே செய்துகொள்ளவும் வழி உண்டு. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறது. கணினி தெரிந்த இளைஞர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. விடுமுறை நாளில் நான்கு பேர் உட்கார்ந்தால் சில்லை வாங்கி நாமே ஒன்று செய்துவிடலாம். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணரி கைக்கு வந்தால் பையனின் எண்ணை வார்னரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்து அவனுடைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் தேதியையும் பந்தின் வகையையும் நோட்டில் எழுதிவையுங்கள். டென்னிஸ் பந்துக்கு வந்த எண்ணையும் ஸ்டிச் பாலுக்கு வந்த எண்ணையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.