கிளிமானூர் ஓவியர் கண்ட பெண்கள்

பொன்முடி மலைக்கு மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், கிளிமானூர் என்னும் ஊர் உள்ளது. 1848ஆம் ஆண்டு அவ்வூர் அரண்மனையில் பிறந்தவரே ஓவியர் இராஜா இரவிவர்மா. கடல் கடந்து வாழும் நம் இல்லங்களிலும் அவர் வகுத்த சாயலிலேயே திருமகளும் கலைமகளும் சுவரில் வீற்றிருக்கின்றனர். ஆதலின், அவர் பெண்ணை எவ்வாறு கண்டார் என ஆராய்வது நமக்கு அயலான செய்தி அன்று.

அந்நூற்றாண்டில் ஐரோப்பாவில் உணர்ச்சிக்கு முதலிடம் தந்த ஓவிய நெறி ஓங்கியிருந்தது. பிரெஞ்சு ஓவியர் தெலக்குருவா 1830இல் விடுதலையையே கொடியேந்திய பெண்ணாகத் தீட்டினார். எனினும் அவ்வாறு முன்னின்று நடத்திய பெண்கள் ஓவியங்களில் சிலரே. கனவிலும் துயரிலும் ஆழ்ந்தவராகவே பெண்கள் பெரிதும் வரையப்பெற்றனர்.

ஐரோப்பியரின் எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்ட இரவிவர்மா, அம்முறையில் நம் காவிய மகளிர்க்கு உயிரூட்டினார். அவருடைய சகுந்தலை, காலில் தைத்த முள்ளை எடுப்பவள் போலத் திரும்பித் துஷ்யந்தனைத் தேடுகிறாள். தமயந்தி அன்னம் கூறும் நளன் புகழைக் கேட்டு நிற்கிறாள். 1893இல் தம் மகளையே முன்மாதிரியாகக் கொண்டு 'அதோ அப்பா வருகிறார்' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். குழந்தையை ஏந்திய தாய், வருபவர் திசையை நோக்கி நிற்கிறாள். அப்பா படத்தில் இல்லை! அவ்வாண்டு சிக்காகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் பெண்களைப் பற்றியனவே. அவை பரிசும் பெற்றன.

பொருள்வயிற் பிரிந்தோன் வரும்வரை ஆற்றியிருக்கும் தலைவியை நம் அக இலக்கியம் நன்கறியும். தந்தை ஒரு நாட்டிலும் தாய் ஒரு நாட்டிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இவ்வோவியம் விளக்கம் வேண்டாமலே புரியும். ஆனால் காத்திருக்கும் அப்பெண் பகலெல்லாம் செய்யும் வேலையும், தானே எடுக்கும் முடிவுகளும் இவ்வோவியத்தில் இடம்பெறவில்லை. அவள் அழகையும் ஏக்கத்தையுமே ஓவியர் காட்டினார்.

அதே அரண்மனையில் இரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் தூரிகை ஏந்தினார். அண்ணனின் உருவத்தை அவரே வரைந்துள்ளார். அண்ணன் பெயர் நாடெங்கும் பரவிற்று. தங்கையின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

அன்பர்களே! விடுமுறையில் தாயகம் செல்வோர், திருவனந்தபுரத்தில் இரவிவர்மாவின் ஓவியங்களைக் கொண்ட கலைக்கூடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இரவிவர்மா தீட்டிய பெண்களின் அழகை அவர்கள் கண்டு மகிழட்டும். அத்துடன் மங்களாபாயின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். ஓவியத்தில் நிற்பதோடு, ஓவியம் தீட்டவும் பெண்ணால் இயலும் என்பதை நம் புதல்வியர் இளமையிலேயே அறிதல் வேண்டும்.