விலை உயர்ந்த ஹெட்போன்: காதுக்கா, கண்ணுக்கா?

பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் விற்கப்படுகிறது. ஓர் இலட்சம் ரூபாய்க்கும் ஒன்று விற்கப்படுகிறது. இரண்டும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. அவ்வாறாயின் எஞ்சிய தொண்ணூறாயிரம் ரூபாயும் எதற்காக? அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ பயிலும் பிள்ளை, “நல்லதாய் ஒன்று வேண்டும்” என்று கேட்கும்பொழுது, வயல் விளைவையும் மாதச் சம்பளத்தையும் நம்பி வாழும் பெற்றோர் இவ்வாறு வினவுவது கருமித்தனம் அன்று.

ஒலியின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் தொடங்கி 2002ஆம் ஆண்டு வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. மின்சாரமும் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவை வானொலிப் பெட்டியுடன் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள். கரகரத்த ஒலிதான், ஆயினும் சொல் விளங்கியது. அன்றைய தேவைக்கு அது போதும். இன்று நாம் சொல் விளங்கினால் மட்டும் போதாது, இசையின் நயமும் வேண்டும் என்கிறோம். அது நியாயமான ஆசையே. அந்த நயத்தின் விலை என்ன என்பதுதான் கேள்வி.

ஹெட்போனின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்று பொருள்களே: ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு. கம்பியில் மின்னோட்டம் மாறும்போது சவ்வு அதிர்கிறது, அதிர்வு ஒலியாகிறது. அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தவரான நதானியேல் பால்ட்வின் என்பவர், 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். சமையலறையில் செய்யக்கூடிய பொருளுக்கு இத்துணை விலையா என்று எண்ணிவிட வேண்டாம். தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் ஒன்றையொன்று விழுங்காமல் அளவறிந்து இசையும்படி அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. அத்திறமைக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் கொடுக்கும் பணமெல்லாம் அத்திறமைக்குத்தான் போகிறதா? ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரு ஹெட்போன் எவ்வாறு ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அம்முடிவு. கொஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘போர்ட்டா புரோ’ என்னும் சிறு ஹெட்போன் மலிவானது, பார்வைக்கும் எளியது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் இசைப் பிரியர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். மறுபுறத்தில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவித்த ஹெட்போன் ஒன்று, பளிங்குக் கல்லில் பதித்த ஒலிபெருக்கியோடு, ஏறத்தாழ 50,000 யூரோ விலைக்கு வந்தது. ஒரு யூரோவை முந்நூறு ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஒன்றரைக் கோடி ரூபாய்! பளிங்கு பாடுமா?

நம் நாட்டில் விலையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 300 டொலர் பெறுமதியான ஹெட்போனுக்கு, வரியை விட்டுவிட்டால், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் அறுபதினாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஓர் இலட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது. ஒலி ஓர் அணுவளவும் உயரவில்லை; ரூபாய் வீழ்ந்தது.

அதற்காக, மிக மலிவானதே போதுமென்று சொல்ல நான் வரவில்லை. வீதியோரத்தில் வாங்கிய பொருள் சில வாரங்களில் ஒரு பக்கம் ஊமையாகிவிடும். சற்றுக் கூடிய விலைக்கு உறுதியான சட்டம், காதை அழுத்தாத மெத்தை, மாற்றக்கூடிய வயர் ஆகியவை கிடைக்கும். வன்னியின் வெயிலிலும் வியர்வையிலும் முதலில் உரிந்து போவது அம்மெத்தையே. அதனைத் தனியே வாங்க முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நன்று. வெளி இரைச்சலைத் தணிக்கும் வகையும் வீண் செலவன்று. பேருந்து இயந்திரத்தின் இடைவிடாத உறுமலை அது நன்கு குறைக்கிறது. அதனால் ஒலியைத் தாழ்த்தி வைத்தே கேட்கலாம். ஆயினும் புகையிரதக் கடவையைக் கடக்கும்பொழுது அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஒலியைத் தாழ்த்துவது சிறு விஷயமன்று. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறுவர்க்கு அதனினும் குறைவு. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. யுத்த காலத்தில் குண்டு வெடிப்புக்கு அண்மையில் இருந்து செவி பழுதடைந்தவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். பாட்டுச் சரியாகக் கேட்கவில்லையென்று அத்தகைய ஒருவர் ஹெட்போனை மாற்றிக்கொண்டிருப்பாராயின், அவர் முதலில் செல்லவேண்டிய இடம் கடையன்று, காது வைத்தியரிடம்.

வாங்கத் துணிந்தவர்கள் நன்கு பழகிய ஒரு பாட்டைக் கைத்தொலைபேசியில் கொண்டுசெல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, விலை கூடியதையும் குறைந்ததையும் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றி அணிவிக்கக் கேளுங்கள். இரண்டிலும் ஒலியின் அளவு ஒன்றாக இருக்கட்டும். உரக்க ஒலிப்பது சிறந்ததெனக் காது எளிதில் ஏமாந்துவிடும். வேறுபாடு தெரியவில்லையாயின், குறைந்த விலைக்குரியதைப் பொதி செய்யச் சொல்லுங்கள்.