வை-பி இருக்கையில் மொபைல் டேட்டா ஏன் செலவாகிறது?

"மதியத்திற்குள் இன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது." தொழிலுக்காக ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை இது. வீட்டிலும் கடையிலும் பிராட்பேண்ட் இணைப்பும் வை-பி ரௌட்டரும் இருந்தும் இப்படி நடக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கும் போனிலிருந்தே இணைப்பு தருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். இதனைச் சரி செய்யும் வழிகளை இங்கு காணலாம்.

அன்று 10 கேபிக்கு 10 பைசா

2000களில் ஜி.பி.ஆர்.எஸ். இணைப்பிற்கு 10 கேபிக்கு 10 பைசா என்ற கட்டணம் பரவலாக இருந்தது. இந்தக் கணக்கில் 2 எம்.பி. அளவுள்ள ஒரு படத்தை அனுப்ப 20 ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு ஜிபிக்கு 10 ஆயிரம் ரூபாயைத் தாண்டும்! அதனால்தான் 2005ல் அறிவிக்கப்பட்ட நோக்கியா இ61 போன்ற அலுவலகப் போன்களில் வை-பி வசதி பெரிதாகப் பேசப்பட்டது. அதே 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாமல் வை-பி பயன்படுத்த இந்திய அரசு அனுமதி அளித்தது.

2016ல் ஜியோ வந்த பின் டேட்டா விலை பெரிதும் இறங்கியது. இன்று பல திட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பு உள்ளது. அதைத் தாண்டினால் வேகம் மிகவும் குறைந்துவிடும்.

டேட்டா எங்கே போகிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வருவது அடிவாரம். அங்கே என் சித்தப்பா காபிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்கிறார். மலை மேல் உள்ள எஸ்டேட்டுகளிலிருந்து சரக்கின் படமும் எடைச்சீட்டும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. மதியம் வேகம் குறைந்தால் படம் போகாது. படம் போகாவிட்டால் விலை பேச முடியாது. சரக்கு வேறு கைக்குப் போய்விடும்.

அவருடைய போனில் செட்டிங்ஸ் சென்று டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தொழில் படங்களுக்குச் செலவானது மிகவும் குறைவு. குடும்பக் குழுக்களின் வீடியோக்கள், கூகுள் போட்டோஸ் பேக்அப், ஹாட்ஸ்பாட் வழியே லேப்டாப் எடுத்துக்கொண்ட விண்டோஸ் அப்டேட் ஆகிய மூன்றுமே பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. கீழ்க்கண்டவாறு அமைத்துக் கொடுத்தேன்.

1. வாட்ஸ்அப்: செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பிரிவில் மீடியா ஆட்டோ டவுன்லோட் இருக்கும். மொபைல் டேட்டா என்ற இடத்தில் வீடியோ, ஆடியோ எதிரில் உள்ள டிக் அடையாளங்களை எடுத்துவிடவும். தேவையானதை மட்டும் தட்டி இறக்கிக் கொள்ளலாம்.

2. பேக்அப், அப்டேட்: கூகுள் போட்டோஸ் பேக்அப்பில் மொபைல் டேட்டா பயன்பாட்டை நிறுத்தவும். பிளே ஸ்டோரில் அப்டேட்களை வை-பியில் மட்டும் என அமைக்கவும். இரவில் கடை வை-பியிலோ வீட்டு வை-பியிலோ இவை தாமாக நடந்துவிடும்.

3. லேப்டாப்: ஹாட்ஸ்பாட்டில் இணைந்தவுடன் விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த வை-பி இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் சென்று மீட்டர்டு கனெக்சனை ஆன் செய்திடவும். அதன்பின் பெரும்பாலான அப்டேட்கள் அந்த இணைப்பில் இறங்காது. வீட்டு வை-பியில் இதனை ஆப் செய்தே வைக்கவும். அப்டேட் இறங்காவிட்டால் பாதுகாப்பு குறைந்துவிடும்.

4. தானாக மாறும் வசதி: வை-பி சிக்னல் பலவீனமானால் சில போன்கள் சொல்லாமலே மொபைல் டேட்டாவிற்கு மாறிவிடும். ஐபோனில் இதன் பெயர் வை-பி அசிஸ்ட். மொபைல் டேட்டா பக்கத்தின் கடைசியில் இருக்கும். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றிலும் இது உண்டு. தேவையில்லை எனில் நிறுத்திவிடுங்கள்.

5. ரௌட்டர் இடம்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸே மேல். தடித்த கருங்கல் சுவர் உள்ள வீடுகளில் பின் அறைக்கு 2.4ஐப் பயன்படுத்தவும்.

சிக்னல் இல்லாத இடத்தில்

மலைச்சரிவில் டவர் மறைந்துவிடும் இடங்கள் உண்டு. அங்கே பிராட்பேண்ட் மட்டும் இருந்தால் வை-பி காலிங் கைகொடுக்கும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதனைத் தொடங்கின. உங்கள் போன் இதற்கு ஏற்றதாக இருந்தால், சிம் கார்டு செட்டிங்ஸில் வை-பி காலிங் என்பதை ஆன் செய்தால் போதும். அதே எண்ணில் வழக்கம் போல் பேசலாம். தனி ஆப் தேவையில்லை.

இங்கே சிக்கனம் வேண்டாம்

பஸ் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் கிடைக்கும் இலவச வை-பியில் படம் பார்க்கலாம், செய்தி படிக்கலாம். வங்கி வேலையையும் பணம் அனுப்புவதையும் அங்கே தவிர்த்திடுங்கள். அந்தப் பெயரில் இணைப்பு தருவது உண்மையில் யார் என்பது நமக்குத் தெரியாது. இது போன்ற வேலைகளுக்கு மொபைல் டேட்டாவே நல்லது. ஒருமுறை பணம் அனுப்ப மிகச் சிறிதளவு டேட்டாதான் செலவாகும். அதை மிச்சப்படுத்தி ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

சித்தப்பாவின் டேட்டா இப்போது இரவு வரை வருகிறது. நீங்களும் இன்றே உங்கள் போனின் டேட்டா யூசேஜ் பக்கத்தில் முதல் மூன்று இடங்களில் உள்ளவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். மேற்கண்ட மாற்றங்களைச் செய்து ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.