'டிக்' சத்தம் மட்டும் வருதா? போட் ஸ்டார்ட்டரை ரிப்பேர் பண்ணலாமா, மாத்தணுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் ஃபைபர் போட்களோடு ஊருக்குள் வந்து மக்களை மீட்டது நினைவிருக்கா? அந்த நேரத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன ஆகும்? நொச்சிக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு இது தினசரிக் கவலை. ஸ்டார்ட் ஆகாத போட், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போய்விடும்.

எப்படி வேலை செய்கிறது?

சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்ட் சோலினாய்டு வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும். அதன் பினியன், ஃப்ளைவீலின் பல்லைப் பிடித்துச் சுற்றும்.

எங்கே கோளாறு?

* 'டிக்' மட்டும் கேட்டால்: பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கலாம். முதலில் சுத்தம் செய்யுங்க.
* சத்தமே இல்லையா: ஃபியூஸ் பாருங்க. கியர் நியூட்ரலில் இருக்கா?
* மோட்டார் சுற்றியும் இன்ஜின் சுற்றலையா: பினியன் சிக்கியிருக்கலாம்.

ரிப்பேரா, புதுசா?

கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆர்மேச்சர் கருகியிருந்தால் புதுசுதான். விலை குறைவுன்னு கார் ஸ்டார்ட்டரை மாட்டாதீங்க. அதன் தீப்பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கலாம். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துடுங்க.

கயிறு போட்டு ஸ்டார்ட் செய்யும் வசதி இருந்தால், அந்தக் கயிறு எப்பவும் போட்டிலேயே இருக்கட்டும்.