குழந்தைக்கு விடாத காய்ச்சலா? வயிறும் வலிக்கிறதா? உஷார்!

திண்டுக்கல்:

"நாலு நாளா காய்ச்சல் விட மாட்டேங்குது. வயிறு வலிக்குதுன்னு அழுவுறான். ஏதாச்சும் மாத்திரை குடுங்க..."

மருந்துக் கடை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும். சாயங்காலம் மறுபடி ஏறும். இப்படியே ஒரு வாரம் ஓடிவிடும். ஆபத்தே அந்த ஒரு வாரத்தில்தான்!

குடலில் ஓட்டை

முதலில் சந்தேகப்பட வேண்டியது டைபாய்டு. அசுத்தத் தண்ணீரிலும், ஈ மொய்த்த பண்டத்திலும் வரும் கிருமி இது. காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறும். நாக்கில் வெள்ளை படியும். சிலருக்கு பேதி, சிலருக்கு மலச்சிக்கல். கவனிக்காமல் விட்டால் 3-வது வாரத்தில் குடலில் ஓட்டை விழலாம். உயிருக்கே உலை!

சமைத்தவரே காரணம்

அமெரிக்காவின் நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரி. பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு! 1907-ல் அவரைத் தனியே அடைத்தார்கள். 1910-ல் விட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே சமைக்கப் போனார். அங்கும் டைபாய்டு! 1915-ல் மறுபடி பிடிபட்டவர், 1938-ல் சாகும் வரை காவலில்தான் இருந்தார். கை கழுவாத கை அவ்வளவு பொல்லாதது.

கறுப்புப் புண் இருக்கிறதா?

எல்லாக் காய்ச்சலும் டைபாய்டு அல்ல. புதர், வயல்காட்டுப் பக்கம் விளையாடும் பிள்ளைக்கு உண்ணிக் காய்ச்சல் வரலாம். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் புண் தெரிகிறதா என்று பாருங்கள். சிலருக்குப் புண் தெரியாமலும் இருக்கும். இதற்கு மருந்தே வேறு.

டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் வந்தால் அபாயம். அடிவயிற்றில் வலப்பக்கம் வலித்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வாரக்கணக்கில் காய்ச்சலும் எடைக்குறைவும் என்றால் வயிற்றுக் காசநோயையும் பார்க்க வேண்டும்.

ரத்தம் முதலில், மாத்திரை பிறகு

டைபாய்டைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. வைடால் சோதனை ஒன்றை மட்டும் நம்ப முடியாது. கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை போட்டுவிட்டுப் போனால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். டாக்டர் திணற வேண்டியதுதான்.

காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வயிறு கல்லாக இறுகினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரி 2022 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

6 மாதம் முடிந்த குழந்தைக்கே போடக்கூடிய டைபாய்டு தடுப்பூசியும் இருக்கிறது. டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.