ஜப்பான் நாட்டுப் பண்டை ஓட்டுச் சூளைகள்

ஒரு நாட்டின் பழைய வரலாற்றை அறிதற்கு அரண்மனைகளும் கோயில்களும் கல்வெட்டுகளும் கருவியாதலை யாவரும் அறிவர். கூரை ஓடு சுட்ட சூளைகளும் அத்தகைய கருவியாம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஜப்பான் நாட்டுச் சூளைகளால் இவ்வுண்மை நன்கு விளங்குதலின், அவற்றைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

முற்காலத்தில் அந்நாட்டினர் புல்லும் மரப்பட்டையும் கொண்டே கூரை வேய்ந்தனர். கி.பி. 588ஆம் ஆண்டில், கொரியாவிலிருந்த பேக்சே அரசு, துறவியர், தச்சர் முதலியோருடன் ஓட்டுத் தொழில் வல்லார் நால்வரையும் அனுப்பிற்று என, 720இல் முற்றுப்பெற்ற நிஹோன் ஷோக்கி என்னும் வரலாற்று நூல் கூறும். அவர்தம் துணைகொண்டு எழுந்ததே அசுகா தேரா என்னும் புத்தப்பள்ளி. அப்பள்ளிக்கு அணித்தான குன்றின் சரிவில், அதற்கு ஓடு சுட்ட சூளையும் பின்னர் அகழ்ந்து காணப்பட்டது. ஓட்டினை அந்நாட்டார் 'கவாரா' என்பர். இச்சொல் 'கபாலம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பாரும் உளர். நம் மொழியிலும் 'ஓடு' என்பது கூரை ஓட்டிற்கும் மண்டை ஓட்டிற்கும் பொதுவாதல் ஈண்டு நோக்கற்பாலது.

இனி, சூளையின் அமைப்பைக் காண்போம். முதலில் வழங்கியது குகைச் சூளை. குன்றின் சரிவைக் குடைந்து, அடியில் தீவாயும், நடுவில் ஓடுகளை அடுக்கும் படிகளும், உச்சியில் புகைபோக்கியும் அமைப்பர். சரிவு தானே அனலை மேல்நோக்கி இழுக்கும். எட்டாம் நூற்றாண்டில் சமதளச் சூளை பரவிற்று. இதன் தரையில் மண் வரப்புகள் சில நிரையாக அமைந்திருக்கும். ஓடுகள் அவற்றின்மேல் அடுக்கப்படும். வரப்புகளின் இடைவழியே தீ ஓடி மேலெழுதலின் வெப்பம் எங்கும் ஒருபடியாகப் பரவும். இன்று எஞ்சியுள்ளவை வெந்து இறுகிய சுவரும் தரையும், சூளைவாயின் முன் குவிந்த சாம்பல் மேடுமே. அம்மேட்டில் கோணியும் வெடித்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் பயன்படாது கழிந்த ஓடுகள் கிடக்கும். விற்கவும் வேயவும் ஆகாத அவ்வோடுகளை எவரும் வேற்றிடத்தினின்று சுமந்து வாரார் ஆதலின், அவையே அவ்விடத்தில் தொழில் நடந்தமைக்குச் சான்றாம்.

கூரை விளிம்பிற்குரிய வட்ட ஓடுகளில் தாமரை வடிவம் பொறிக்கப்படும். அதற்குரிய மர அச்சு, நாளடைவில் தேய்ந்து விரிசல் கொள்ளும். அவ்விரிசல் பின்வரும் ஓடுகள்தோறும் பதியும். ஹோரியூஜிப் பள்ளி 670இல் தீக்கிரையாயிற்று என்று நிஹோன் ஷோக்கி கூறியதை அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1939ஆம் ஆண்டின் அகழ்வில் பழைய பள்ளியின் அடித்தளம் வெளிப்படவே அவ்வையம் பெரிதும் நீங்கிற்று. அப்பழைய பள்ளிக்கு உதவிய அச்சொன்று, பின்னர்த் தேய்ந்த நிலையில் குஸுஹா ஹிரனோயமா என்னும் சூளையில் வழங்கியது. அங்குச் செய்த ஓடுகள் ஒஸாக்காவிலுள்ள ஷிதென்னோஜிப் பள்ளிக்குச் சென்றன. இவ்வாறு இரு பள்ளிகளின் முன்பின் முறையை ஓர் அச்சின் தேய்வு உணர்த்துகின்றது.

741இல் ஷோமு மன்னர் மாகாணந்தோறும் பள்ளி நிறுவுமாறு ஆணையிட்டார். முஸாஷி மாகாணத்துப் பள்ளியின் ஓடுகளில், அவற்றை அளித்த உள்நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. 758இல் புதிதாக அமைந்த ஷிராகி என்னும் பிரிவின் பெயர் மட்டும் அவற்றில் இல்லை. ஆகவே அப்பள்ளியின் பணி அவ்வாண்டிற்கு முன்னரே பெரும்பாலும் முடிந்திருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர் துணிந்தனர். மன்னர் ஆணையை நிறைவேற்றும் சுமை எவ்வெவ் வூரார் தோள்மேல் ஏறியது என்பதையும் அவ்வோடுகளே கூறுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாரா நகரின் வடபாலுள்ள குன்றுகளில் புதிய குடியிருப்புகள் அமைத்தபோது, பழந்தலைநகர்க்கு ஓடு சுட்ட சூளைகள் பல வெளிப்பட்டன. அவற்றுட் சில இன்றும் காக்கப்படுகின்றன. மண் வெட்டுவோர் கரிந்த மண்ணென்று புறக்கணித்து அழித்திருப்பின், மேற்கூறிய செய்திகள் போல்வன நமக்கு எட்டா. மண் பிசைந்து தீயெரித்த அத்தொழிலாளருட் பெரும்பாலோர் பெயர்களை நூல்கள் கூறவில்லை. அவர் கைத்திறனை அறிவிப்பன அவர் கழித்தெறிந்த ஓடுகளே. எந்நாட்டிலாயினும், அரசர் மாளிகையைப் போற்றுவது போலவே அதற்கு ஓடு சுட்ட சூளையையும் போற்றுதல் கற்றோர் கடன் என்பது எமது கருத்து.