மரத்தூள் வளையத்தின் ஓரத்தில் ஒரு கமரா

டாவோஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஜனவரியில் கூடும் உலகப் பொருளாதார மன்றம் நினைவுக்கு வரும். இலக்கியம் படிப்பவர்களுக்குத் தோமஸ் மன் 1924இல் வெளியிட்ட 'மாய மலை' நாவல் நினைவுக்கு வரலாம். அந்த டாவோஸிலேயே ஸெர்டிக் என்றொரு பக்கப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1861 மீற்றர் உயரத்தில் உள்ள சிற்றூரில், கோடையில் 'ஷ்விங்கன்' போட்டி நடக்கும். ஷ்விங்கன் என்பது சுவிட்சர்லாந்தின் நாட்டார் மல்யுத்தம். வேகமான சண்டை விளையாட்டுகளைப் படம் பிடிக்க நான் கற்றுக்கொண்டது இந்த வளையத்தின் ஓரத்தில்தான்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். வட்டமாகப் பரப்பிய மரத்தூளின் மேல் இருவர் மோதுகிறார்கள். இருவரும் தங்கள் உடைக்கு மேலே முரட்டுத் துணியில் தைத்த ஓர் அரைக்காற்சட்டையை அணிந்திருப்பார்கள். எதிராளியின் அந்தக் காற்சட்டையைப் பற்றிக்கொண்டுதான் ஆட்டம் தொடங்கும். குறைந்தது ஒரு கையாவது அந்தப் பிடியில் இருக்கும்போதே எதிராளியின் முதுகை மரத்தூளில் படுத்த வேண்டும். பிடி விட்டுப்போனால் வீழ்த்தியது செல்லாது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் தோற்றவரின் தோளிலும் முதுகிலும் ஒட்டிய மரத்தூளைத் தன் கையாலேயே தட்டிவிடுவார். இது மாறாத வழக்கம்.

இதைப் படமெடுக்க வருகிறவர் வேகமான கமரா இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஓர் உடல் தானாக விழுவதற்கு ஏறத்தாழ 0.45 செக்கன் ஆகும். கண்ணால் கண்டு விரல் அழுத்த நமக்குக் குறைந்தது 0.2 செக்கனாவது தேவை. அதாவது, தூக்கிவிட்டார் என்று கண்டபின் அழுத்தினால் விழுகையின் பாதி போய்விடும். செக்கனுக்குப் பத்துப் படம் எடுக்கும் கமராவிலும் மிச்சம் கிடைப்பது இரண்டு மூன்று படங்கள்தான். அவற்றில் ஒன்றில் நடுவர் குறுக்கே நிற்பார், இன்னொன்றில் முகம் மறைந்திருக்கும்.

ஆகவே விழுகையை அல்ல, அதற்கு முந்தியதைப் பார்க்கப் பழக வேண்டும். தூக்குவதற்கு முன் மல்லர் தன் பிடியை மாற்றுகிறார், ஒரு காலை எதிராளியின் கால்களுக்கிடையே நகர்த்துகிறார், இடுப்பைத் தாழ்த்துகிறார். இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது விரல் அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். இதைக் கமராவின் கையேடு சொல்லித்தராது. ஒரு காலை முழுவதும் கமராவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் பார்த்திருப்பதே இதற்கு நல்ல பயிற்சி.

இனிக் கமராவின் அளவுகள். விழுந்து தரையைத் தொடும் உடலின் வேகம் செக்கனுக்கு நாலரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1/125 செக்கனில் அது மூன்றரை சென்ரிமீற்றர் நகர்ந்து படம் கலங்கிவிடும். 1/1000 செக்கனில் நகர்வு நாலரை மில்லிமீற்றருக்குள் அடங்கும். பறக்கும் மரத்தூள் துகள்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 1/2000 வரை போகலாம். மலை வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 4, 1/1600 செக்கன் என்பது நல்ல தொடக்கம். மேகம் மறைத்தால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். துவாரத்தை இதற்கு மேல் அகலத் திறப்பதும் வேண்டாம். 200 மி.மீ. வில்லையில் எஃப் 2.8 வைத்து இருபது மீற்றர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. இருவர் கட்டிப்புரளும்போது ஒருவர் முகம் தெளிந்து மற்றவர் முகம் மங்கிப்போகும்.

இன்னொரு சிக்கல் உடையில் இருக்கிறது. ஷ்விங்கன் மல்லர்களில் ஒரு சாரார் உடற்பயிற்சிக் கழக மரபில் வெள்ளை உடுத்துவார்கள். மற்றவர்கள் இடையர் மரபில் வண்ணச் சட்டையும் கறுத்த காற்சட்டையும் அணிவார்கள். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி முன்னால் வரும்போது கமராவின் தானியங்கி அளவீடு தடுமாறும். அளவுகளைக் கையால் வைத்து, வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

எங்கே உட்காருவது என்பதும் பாதி வெற்றி. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூவிஸ்டன் நகரில், வீழ்ந்து கிடந்த சன்னி லிஸ்டனின் மேல் முகமது அலி கையை மடக்கி நின்று உறுமிய படத்தை நீல் லைஃபர் எடுத்தார். அதே பத்திரிகைக்காக வந்திருந்த ஹெர்பி ஷார்ஃப்மன் மேடையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்தது அலியின் முதுகுதான். அலியின் கால்களுக்கிடையே அவர் அந்தப் படத்திலேயே இருக்கிறார்! திறமையில் அவர் குறைந்தவரல்லர், அந்த நொடி அவர் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

எந்த மல்லரைப் பார்ப்பது என்பதிலும் இந்த நிச்சயமின்மை உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஷ்விங்கன் தேசிய விழா 2025இல் மோலிஸில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் சாமுவேல் கீகரும் வெர்னர் ஷ்லேகலும் மோதினார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. புள்ளிக் கணக்கில் அரசரானவர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லாத அர்மோன் ஓர்லிக். டாவோஸ் இருக்கும் கிறவுபுண்டன் மாநிலத்திலிருந்து வந்த முதல் ஷ்விங்கன் அரசர் அவர். அந்த நேரம் வளையத்தை மட்டும் குறிபார்த்திருந்தவர்களுக்கு அரசரின் முகம் கிடைத்திருக்காது.

நம் புலவர் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது. புறநானூற்றின் 80ஆம் பாட்டில், போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். எந்தக் கால் மார்பில் ஊன்றியிருக்கிறது, எந்தக் கால் முதுகுப்புறம் வளைக்கிறது என்று ஒரு நொடியை நிறுத்திக் காட்டுகிறார். அதோடு நிற்காமல், கிள்ளியின் தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்கிறார், அவன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும். பிடியையும் பார்க்கிறார், பார்க்க வேண்டியவரையும் நினைக்கிறார்.

சண்டைப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முதுகு தரையில் படும் படம் மட்டும் அச்சானால், தோற்றவர் காலத்துக்கும் தோற்றவராகவே இருந்துவிடுவார். காற்சட்டையைப் பற்றிய கை சட்டத்துக்குள் இல்லாவிட்டால் அது நேர்மையான வெற்றிதானா என்பதும் தெரியாது. அதனால் பிடி, விழுகை, மரத்தூளைத் தட்டிவிடும் கை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஓர் ஆட்டமாக எண்ணி எடுக்கிறேன். மூன்றாவது படத்துக்கு 1/250 செக்கனே போதும். ஆனால் அப்போது பலர் கமராவைத் தாழ்த்தி, எடுத்த படங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர் விளையாட்டு விழாக்களில் கபடியோ சிலம்பமோ படமெடுக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதையே: ஆட்டம் முடிந்தபின் இன்னும் பத்துச் செக்கன் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காதீர்கள்.